குடும்பப் பட ஒத்திகை: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எங்கள் படத்துக்குச் சென்னை சாலிகிராமத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் 16 நாள், படம் எடுக்கப்போகிற வீட்டில் ரெண்டு நாள் என்று 18 நாள் ஒத்திகை பார்த்தோம். கதை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நடப்பது. மாவு மில் வைத்திருக்கும் அப்பா, அம்மா, கல்யாணமாகி நாலே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்ட மகள், அவளுடைய தம்பி, தம்பி பெண்டாட்டி, ஏழு வயதுப் பேத்தி, இவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக ஒரு அப்பத்தா. இதில் நாலு பேர் சினிமாவுக்குப் பழையவர்கள், ரெண்டு பேர் நாடகத்திலிருந்து வந்தவர்கள், குழந்தை புதுசு. அந்த நாட்களில் என்னென்ன கெட்டது, எதைத் திருகினால் சரியானது, எதைத் திருகி நானே இன்னும் கெடுத்தேன் என்பதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். குறும்படமோ முதல் படமோ எடுக்கப்போகிறவர்களுக்கு உதவலாம். மாஸ் படம் எடுப்பவர்களுக்கு இது தேவைப்படாது, அங்கே வரும் கோளாறுகள் வேறு ரகம்.

முதலில் ஒரு விஷயம். காட்சி சரியாக வரவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுபோனால் மெக்கானிக் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் பிளக், அதற்கப்புறம்தான் கார்புரேட்டரில் கை வைப்பார். நாம் ஒரே மூச்சில் வசனத்தை மாற்றி, நடிகரை இடம் மாற்றி உட்காரவைத்து, போதாததற்கு 'இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணுங்க' என்றும் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை நன்றாக வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. கெட்டாலும் தெரியாது.

ரீடிங்கில் பிரமாதம், எழுந்து நின்றதும் செத்துவிடுகிறது

வட்டமாக உட்கார்ந்து பேப்பரைப் பார்த்துப் படிக்கும்போது சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அம்மா உடையும் இடத்தில் உதவி இயக்குநர் மூக்கை உறிஞ்சுகிறார், எட்டிப் பார்த்த தயாரிப்பாளர் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போகிறார். சரி, பேப்பரை வைத்துவிட்டு எழுந்து செய்யுங்கள் என்றால், கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி அரைவட்டமாக நின்று ஒருவர் முடித்ததும் இன்னொருவர் என்று ஒப்பிக்கிறார்கள்.

கைக்கு வேலை இல்லை, அதுதான் காரணம். நம் வீடுகளில் பெரிய பேச்சு எதுவும் தனியாக நேரம் ஒதுக்கி நடப்பதில்லை. கடன் எவ்வளவு என்று அப்பா வாயைத் திறப்பது வண்டியைத் துடைக்கும்போது, மாப்பிள்ளை வீட்டில் என்னதான் நடந்தது என்று அம்மா கேட்பது கீரை ஆயும்போது. எழுதும்போது இதெல்லாம் நமக்குத் தெரிந்தேதான் இருக்கிறது, சீன் பேப்பரில் வசனத்தை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

தரையில் டேப் ஒட்டி வீட்டைக் கொண்டுவாருங்கள். இது அடுப்பு மேடை, இது பின்வாசல், இது சாமி அலமாரி, அளவு நிஜ வீட்டின் அளவு. அமெரிக்க இயக்குநர் சிட்னி லுமெட் படப்பிடிப்புக்கு முன்னால் வழக்கமாக ரெண்டு வாரம் ஒத்திகை பார்ப்பார், அவரும் இப்படித்தான் தரையில் டேப் ஒட்டி அறைகளை வரைந்துகொண்டுதான் ஆரம்பிப்பார். டேப்புக்கு ஆகும் செலவு நூறோ இருநூறோ. அப்புறம் காட்சியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிஜ வேலை கொடுத்து, வசனமே இல்லாமல் பத்து நிமிடம் அந்த வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். வசனம் அதற்கப்புறம் வரட்டும்.

எங்கள் படத்தில் அம்மா மகளிடம் விவாகரத்தைப் பற்றி முதல்முறை கேட்கும் காட்சி நாலு நாளாக இழுத்தது. ஐந்தாம் நாள் வடபழனி மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்கீரை ரெண்டு கட்டு வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்தேன். முருங்கைக்கீரை ஆய்வது லேசில் முடியாத வேலை, காம்பு காம்பாக உருவ வேண்டும், கண் அதிலேயே இருக்க வேண்டும். 'அவன் அடிச்சானா' என்ற வரி வந்தபோது விரல் தானாக நின்றது, ரெண்டு விநாடி கழித்து மறுபடி உருவ ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவருக்கே அப்படி நின்றது தெரியாது.

கொடுக்கிற வேலை நிஜமாக இருக்கட்டும். காலி டம்ளரைத் துடைப்பது, ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடிப்பது இதெல்லாம் கேமராவில் உடனே தெரிந்துவிடும்.

தனித்தனியாக நல்ல நடிப்பு, ஆனால் ஒரே வீட்டு ஆட்களாகத் தெரியவில்லை

இதுதான் பெரிய கோளாறு. இதைச் சரிசெய்யத்தான் எங்களுக்குப் பாதி நாள் போனது, மற்ற எல்லாம் சேர்த்து மீதிப் பாதி.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கொஞ்சம் தள்ளி நின்று சத்தத்தைக் கேட்காமல் வெறும் உருவங்களை மட்டும் பாருங்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் அது குடும்பம் இல்லை, அலுவலக மீட்டிங். வீட்டில் பாதிப் பேச்சு முதுகைப் பார்த்து நடக்கும், கால்வாசி பக்கத்து அறையிலிருந்து வரும். அப்புறம், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்கிறாரா, இல்லை விருந்தாளி மாதிரி யாராவது தரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாரா?

நான் முதலில் சோதித்தது டீ இடைவேளையை. தம்பியாக நடிக்கும் பையன் அப்பாவாக நடிப்பவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவான். அவர் 30 வருடமாக நடிப்பவர், இவனுக்கு இது மூன்றாவது படம், வேறு எப்படிக் கூப்பிடுவான்? ஆனால் அந்த 'சார்' காட்சிக்குள்ளும் வந்தது, வார்த்தையாக வராமல் தோளில் வந்தது. அப்பா பக்கத்தில் வந்தாலே பையன் அரை அங்குலம் நிமிர்ந்துகொள்வான். வெளியிலும் 'அப்பா' என்றே கூப்பிடு என்று உத்தரவு போட்டுப் பார்த்தேன், படு மோசம், ரெண்டு பேரும் அதை ஒரு ஜோக்காக்கிவிட்டார்கள். கடைசியில் கதையில் ஒரு பழக்கத்தைச் சேர்த்தேன். மாதம் ஒருமுறை அப்பாவுக்குத் தலைக்கு டை அடித்துவிடுவது பையன் வேலை. ஒரு மதியம் முழுக்க நிஜமாகவே அடிக்கச் சொன்னேன். பழைய துண்டைக் கழுத்தில் சுற்றி, தலையைப் பிடித்துத் திருப்பி, 'ஆடாம இருங்கப்பா, காதுல படுது' என்று அவன் அதட்ட ஆரம்பித்தபோது காட்சி எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. மறுநாளும் டீக்கு 'சார்'தான். காட்சிக்குள் அந்த அரை அங்குலம் போயிருந்தது.

அடுத்தது வீட்டுக் கணக்கு. ஏழு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். காலையில் யார் முதலில் எழுவார்? யார் எங்கே படுப்பார்? பீரோ சாவி எங்கே இருக்கும்? அப்பாவின் நம்பர் உங்கள் போனில் என்ன பெயரில் இருக்கிறது? ஏழு பேரும் ஏழு வீட்டைச் சொன்னார்கள். சாவி சாமி படத்துக்குப் பின்னால் என்றார் அம்மா, தன் சுருக்குப்பையில் என்றார் அப்பத்தா. எல்லோரையும் உட்காரவைத்து இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் சண்டை. சாவி அப்பத்தாவிடமே போனது, அம்மாவுக்கு அதில் நிஜமான கடுப்பு, அந்தக் கடுப்பைப் படம் முழுக்க வைத்துக்கொண்டோம்.

கதைக்கு முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை நடித்துப் பார்ப்பதும் உதவும். படத்தில் அது வராது. 12 வருடம் முன்பு ஆடிப்பூரத் தேர் அன்று கூட்டத்தில் மகளின் ஜிமிக்கி ஒன்று தொலைந்துவிட்டது, அவ்வளவுதான் நான் கொடுத்தது. யார் திட்டினார், யார் தேடினார், யார் புதுசு வாங்கித் தந்தார் என்பதை அவர்களே செய்து கண்டுபிடித்தார்கள். பத்து நாள் கழித்து வேறொரு காட்சியில் அப்பத்தா எழுதாத ஒரு வரியை எறிந்தார்: 'ஜிமிக்கியத் தொலச்சவதான நீயி.' ஐந்து பேரின் முகமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சுருங்கியது. அந்த வீட்டுக்கே பொதுவாக ஒரு பழைய எரிச்சல் இருக்கிறது என்பது அந்த ஒரு சுருக்கத்தில் தெரிந்தது. பிரிட்டன் இயக்குநர் மைக் லீ எழுதிய ஸ்கிரிப்ட் இல்லாமலே மாதக்கணக்கில் நடிகர்களோடு இப்படி வாழ்ந்து பார்த்துத்தான் படத்தையே உருவாக்குகிறார். நமக்கு அந்த மாதங்களுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், ரெண்டு மதியம் கிடைத்தால் போதும்.

உறவுச் சொற்களையும் ஒருமுறை சரிபாருங்கள். நான் பேப்பரில் தம்பி பெண்டாட்டி நாத்தனாரை 'அண்ணி' என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சாத்தூர் பக்கம், மூன்றாம் நாள் அவளை அறியாமல் 'மதினி' என்று வந்துவிட்டது, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் ஒரு 'அண்ணி'யையும் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் அடித்தேன். அப்பாவும் மகளைச் சாதாரண நேரத்தில் 'தாயி' என்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். இது வந்தபின் 'அப்பா கோபமாக' என்று அடைப்புக்குறியில் எழுத வேண்டியிருக்கவில்லை.

செய்யக் கூடாத ஒன்று: கட்டிப்பிடிக்கும் பயிற்சி. நெருக்கம் வருவதற்காகக் கண்ணை மூடிப் பின்னால் சாய்வது, கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பது இதெல்லாம் வொர்க்‌ஷாப்களில் நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த அப்பா வளர்ந்த மகனைக் கட்டிப்பிடிக்கிறார்? நம் வீட்டு நெருக்கம், பேசாமல் இருக்கும் அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று நேராகக் கேட்காமல் 'அப்பாவச் சாப்பிடச் சொல்லு' என்று அம்மாவிடம் சொல்வதில் இருக்கிறது.

எல்லோரும் என்னை மாதிரியே பேசுகிறார்கள்

இது நடிகர்களின் கோளாறு இல்லை. ஒன்பதாம் நாள் என் இணை இயக்குநர் தனியாகக் கூப்பிட்டு, 'அண்ணே, அப்பத்தா கையை ஆட்டுறது உங்களை மாதிரியே இருக்கு' என்றார். பார்த்தால் அப்பத்தா மட்டுமில்லை. வரியின் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து முடிப்பது என் பழக்கம், ஏழு வயதுக் குழந்தை உட்பட எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடித்துக் காட்டியே வேலை வாங்குவது தமிழ் சினிமாவில் பழைய வழக்கம், அதில் பெரிய படங்களும் வந்திருக்கின்றன. ஆனால் ஏழு பேருக்கு ஒருவர் நடித்துக் காட்டினால் திரையில் ஒருவர்தான் இருப்பார். அன்றிலிருந்து வரியை நான் வாயால் சொல்லவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பதில் வினைச்சொல் மட்டும் சொல்வது: 'அவனை வாயடைக்கணும்', 'காசு விஷயத்தை நழுவணும்', 'பொண்ணு முகத்தைப் பார்க்காம தப்பிக்கணும்'. எப்படிச் செய்வது என்பது அவர்கள் பாடு. முதல் ரெண்டு நாள் எனக்கு நாக்கு அரித்தது, உண்மையைச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

அழுகை: முதல் நாள் கொட்டுகிறது, நாலாம் நாள் வறண்டுவிட்டது

முதல் முறை செய்தபோது மொத்த அறையும் உறைந்துபோனது, நாலாவது முறை கண்ணில் பொட்டு ஈரம் இல்லை, நடிகைக்குப் பயம் வந்துவிட்டது. செலவழித்துவிட்டோம், அவ்வளவுதான். உச்சக் காட்சியை ஒத்திகையில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். எங்கே நிற்பது, எந்த வார்த்தையில் திரும்புவது, கதவை எந்தக் கையால் சாத்துவது என்பதைச் சப்பென்று, கணக்குப் போடுகிற மாதிரி பாருங்கள். அதற்கு முந்தைய காட்சியையும் பிந்தைய காட்சியையும் நன்றாகச் செய்து வையுங்கள். நடுவில் இருப்பது படப்பிடிப்பு நாளுக்கு இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு, முதல் வரியிலேயே அழ ஆரம்பித்துவிடுவது. அதற்கு மருந்து, அழக் கூடாத ஒரு காரணம் கொடுப்பது. திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும், மகள் எப்போது ஊருக்குப் போகிறாள் என்று அவர் விசாரிப்பார். சிரித்துப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வா. டம்ளர் ஆடாமல் கொண்டுபோக அந்த நடிகை பட்ட பாட்டைப் பார்த்தபின் கண்ணீர் வந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவே இல்லை. கிளிசரின் போட்டுக்கொள்வதில் ஒரு கேவலமும் கிடையாது, அதையும் சொல்லி வையுங்கள், பாதி பயம் போய்விடும்.

குரல் கடைசி வரிசை வரைக்கும் போகிறது

நாடகத்திலிருந்து வருபவர்களைப் பற்றி வரும் புகார். முதலில் ஒன்று, நாடகம் என்றாலே சத்தம் என்று நினைப்பது தப்பு. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்த பசுபதியையும் குரு சோமசுந்தரத்தையும் பாருங்கள், கேமரா முன்னால் எவ்வளவு அடக்கம். அவர்களுக்குக் கிடைத்த உடல் பயிற்சி சினிமாவில் யாருக்கும் கிடைப்பதில்லை.

சத்தமாக வந்தால் 'குறைச்சுப் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். குறைக்கச் சொன்னால் குரலோடு சேர்த்து உயிரையும் குறைத்துவிடுவார்கள், காய்ச்சல்காரர் பேசுகிற மாதிரி ஆகிவிடும். சூழ்நிலையை மாற்றுங்கள். இதே சண்டை ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்கிறது, பேத்தி பக்கத்தில் தூங்குகிறாள், எழுப்பினால் விடியும்வரை தூங்கமாட்டாள். எங்கள் அப்பத்தா நிஜமாகவே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செய்தார். கோபம் அப்படியே இருந்தது, குரல் பல்லுக்கு நடுவில் வந்தது. பகலில் நடக்க வேண்டிய காட்சியை அப்புறம் ராத்திரிக்கே மாற்றி எழுதினேன்.

வசனம் தடுக்குகிறது

ஒரே வார்த்தையில் மூன்று முறை தடுக்கினால் நடிகரைப் பார்க்காதீர்கள், பேப்பரைப் பாருங்கள். 'இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை' என்ற மாதிரி வரி எழுதியிருப்போம். அம்மா பாத்திரம் அதை 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலல்ல' என்று மாற்றினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு வேறு இடங்களில் தடுக்கினால் அது பிராம்ப்டிங் பழக்கம். கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் வரியை எடுத்துக்கொடுக்க, அதைக் கேட்டுச் சொல்லி, அப்புறம் டப்பிங்கில் சரிசெய்துகொள்வது இங்கே பல வருட வழக்கம். நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்கிற லைவ் சவுண்டில் இது நடக்காது, பிராம்ப்ட் செய்பவரின் குரலும் மைக்கில் விழும். டப்பிங் படமாக இருந்தாலும் வேறொரு தொல்லை இருக்கிறது, அடுத்த வரி காதில் விழக் காத்திருக்கும் கண் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்காது. பேப்பரைக் குறைந்தது பத்து நாள் முன்னால் கொடுங்கள். மனப்பாடத்தை உட்கார்ந்து செய்யவிடாதீர்கள், வெங்காயம் உரித்துக்கொண்டோ மாடிப்படி ஏறிக்கொண்டோ சொல்லிப் பார்க்கட்டும். வேலை செய்துகொண்டே வருகிற வரி பதற்றத்திலும் வரும்.

வட்டார வழக்கு கோபத்தில் கழன்று சென்னைத் தமிழ் எட்டிப் பார்த்தால், பட்டியல் போட்டு வார்த்தை சொல்லிக்கொடுப்பதால் பயனில்லை. அந்தப் பக்கத்து அம்மா யாராவது பேசுவதை அவர் அனுமதியோடு அரை மணி நேரம் பதிவு செய்து, கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். சொற்களை விட முடிவுகளில் கவனம் வைத்தால் போதும்: 'அவுக வந்துட்டாகளா', 'சொன்னாகளே'. எல்லோருக்கும் ஒரே அளவில் வழக்கைப் பூசவும் கூடாது. நாலு வருடம் சென்னையில் குடித்தனம் செய்த மகளுக்குக் கலந்துதான் வரும், அம்மாவோடு சண்டை முற்றும்போது ஊர்ப்பேச்சு திரும்பும்.

'என் கேரக்டர் இப்படிச் செய்யுமா?'

பத்து நிமிடத்துக்கு மேல் இதைப் பேசாதீர்கள். ரெண்டு விதமாகவும் செய்து பாருங்கள். பெரும்பாலும் கேட்டவரே முடிவு சொல்லிவிடுவார்.

குழந்தை ரெண்டாம் முறையே பள்ளி ஆண்டு விழா மாதிரி பேசுகிறது

நாங்கள் செய்த தப்பு, குழந்தைக்கும் பேப்பர் கொடுத்தது. அவள் அம்மா ராத்திரி உட்காரவைத்து ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்வித்துவிட்டார். மறுநாள் காட்சி நடக்கும்போது பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரும் கூடவே வாயசைக்கிறார், குழந்தையின் கண் முழுக்க அங்கேதான். பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டோம், அம்மாவுக்குப் பக்கத்து அறையில் நல்ல காப்பியும் ஒரு ஃபேனும் ஏற்பாடு செய்தோம்.

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரீடா குழந்தைகளுக்கு ஸ்கிரிப்டே தரமாட்டார், அந்த நேரத்தில் வரியைக் காதில் சொல்லிவிடுவார். அப்படி அவர் எடுத்த ஒரு படத்துக்காக 2004இல் 14 வயதுப் பையன் ஒருவன் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதே வாங்கினான். நாமும் செய்யலாம், செலவில்லாதது. குழந்தையோடு காட்சியை ஒத்திகை பார்க்காதீர்கள், உறவை ஒத்திகை பாருங்கள். அப்பாவாக நடித்தவர் தினமும் பேத்தியோடு தாயம் விளையாடினார், வேண்டுமென்றே தோற்றார். படப்பிடிப்பில் 'தாத்தா கோவமா இருக்காரு, போய்ப் பேசிப் பாரு' என்றதும் அவள் நேராகப் போய் அவர் சட்டைப்பையில் கைவிட்டுத் தாயக்கட்டையைத் தேடினாள். எழுதியிருந்த வரியை விட அது நல்லது.

இதோடு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும், விருப்பமில்லாமல் எதிலும் பங்கெடுக்கவைக்கக் கூடாது. சட்டம் தெரிந்த மேனேஜர் எல்லாப் படத்திலும் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

மூத்த நடிகருக்கு ஒத்திகைக்கு நாள் இல்லை

கால்ஷீட் கணக்கில் சம்பளம் வாங்குபவரிடம் 18 நாள் கேட்பது நியாயமும் இல்லை. அவர் வீட்டுக்குப் போங்கள். ஒரு மணி நேரம், அவரோடு அதிகக் காட்சி இருக்கும் ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு. வசனம் பேசவைக்காதீர்கள், அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. அந்த ரெண்டு பேரையும் சேர்ந்து சாப்பிடவைத்துவிட்டு வாருங்கள். மற்ற நாட்களில் அவர் இடத்தில் உதவி இயக்குநர் நிற்கட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேகத்தை மாற்றி மாற்றிப் பேசட்டும், இல்லையென்றால் எதிரில் நிற்பவர் ஒரே தாளத்துக்குப் பழகி, நிஜ நடிகர் வந்ததும் தடுமாறுவார்.

ஒத்திகையில் கிடைத்தது ஸ்பாட்டில் காணோம்

பெரும்பாலும் இடம்தான் காரணம். எங்கள் டேப் வீட்டில் அடுப்படி பத்தடி. நிஜ வீட்டில் லைட்டும் ஸ்டாண்டும் வைத்தபின் ரெண்டு பேர் ஒதுங்கிப் போக வழியில்லை, 16 நாள் பழகிய நடை முதல் மணி நேரத்தில் குப்பைக்குப் போனது. நல்லவேளை கடைசி ரெண்டு நாளை அந்த வீட்டிலேயே வைத்திருந்தோம், இடுக்கில் இடித்துக்கொண்டு போவதையே பழக்கமாக்கிக்கொண்டார்கள், அது வீடாகவும் தெரிந்தது. உங்களால் ஒரு நாள்தான் முடியும் என்றால் அந்த ஒரு நாளைக் கடைசியில் வையுங்கள்.

ரெண்டாவது காரணம் காத்திருப்பு. லைட்டிங் முடிய ரெண்டு மணி நேரம், நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர், நடிகர் அதுவரை போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஷாட் ரெடி என்று கூப்பிட்டதும் வசனத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள், ஓட்டினால் ஒப்பிக்கிற சத்தம்தான் வரும். ஒத்திகை வீடியோவையும் காட்டாதீர்கள், தன்னையே காப்பியடிக்க ஆரம்பிப்பார்கள். அந்த வீட்டில் அவர் செய்யும் வேலையை ரெண்டு நிமிடம் செய்யவிடுங்கள், போதும்.

விவாகரத்துக் காட்சி எடுத்த அன்று அம்மா கையில் கீரைக்கட்டைக் கொடுத்துவிட்டு, சவுண்ட் இன்ஜினியரிடம் சத்தமில்லாமல் ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, கிளாப்பைக் காட்சி முடிந்தபின் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அரைக் கட்டு உருவி முடித்துத்தான் அவர் வாயைத் திறந்தார். ஏழு டேக் போனது, ஒவ்வொரு டேக்குக்கும் புதுக் கட்டு. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் யூனிட் மொத்தத்துக்கும் முருங்கைக்கீரைப் பொரியல்தான்.